எலிக்கும் பத்தியம் உண்டு!

“ஜங்ஷன் வரைக்கும் போய் அல்வா வாங்கிட்டு வாரேன்” என்று போன ரூம் மேட், கையில் ஒரு கூண்டோடு திரும்பி வந்தான். உள்ளே ரெண்டு வெள்ளை எலி. அல்வாவும் இருந்தது... எலிகளுக்கு!

வாடகை வாங்க மாடிக்கு வந்த வீட்டுக்கார ஆச்சி, வெற்றிலை மெல்லுவதையே நிறுத்திவிட்டார். “ஏ ஐயா, என் அரங்குவீட்டுல எலி குடும்பம் குட்டியோட கிடக்கு. கேட்டா சும்மாவே பிடிச்சுத் தந்திருப்பேனே. இதையப் போயி துட்டு குடுத்தா வாங்குவாவ?”

ரெண்டு நாள் ராஜ உபசாரம். பரோட்டா, முறுக்கு, ஆரஞ்சுத் தோல் என்று வகை வகையாக உள்ளே போனது. மூன்றாம் நாள் எனக்கே பயம் வந்து, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே தெரிந்துகொண்ட முதல் விஷயம்: எலிக்கு வாந்தி எடுக்க வராது! நாம் கண்டதைத் தின்றுவிட்டு நடுராத்திரி பாத்ரூமுக்கு ஓடித் தப்பிக்கிறோம். அதற்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் வெளியே திரிகிற எலி, புதுச் சரக்கைக் கண்டால் துளி கடித்துப் பார்த்துவிட்டுக் காத்திருக்கும். வளர்ப்பு எலிக்கு அந்தச் சந்தேக புத்தி குறைவு. கொடுப்பது நாமாச்சே!

சோறு, வெந்த பருப்பு, கேழ்வரகு, வெள்ளரிக்காய், கேரட், அவித்த முட்டை, அவித்த சீனிக்கிழங்கு எல்லாம் ஓ.கே. ஆப்பிள் என்றால் விதை கூடாது. சாக்லெட், வெங்காயம், பச்சை பாய்ந்த உருளைக்கிழங்கு, வேகாத ராஜ்மா... மூச்! அல்வாவும் அவுட். சர்க்கரையும் நெய்யும் எலிக்கும் தொப்பை போடும்.

ஆரஞ்சுத் தோல் விவகாரம்தான் அநியாயம். அதிலுள்ள லிமோனீன் ஆண் எலியின் கிட்னியை மட்டும் பதம் பார்க்கிறது. 1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதிக டோஸ் கொடுத்த ஆண் எலிகளுக்குக் கிட்னியில் கட்டியே வந்தது. பெண் எலிக்கு அந்தத் தொல்லை இல்லை! ஆண் எலிக்கென்றே உள்ள ஒரு புரோட்டீன் செய்கிற வேலை. மனுஷ ஆண்களுக்கு அது கிடையாது, பயப்படாமல் ஜூஸ் குடியுங்கள்.

செடி வகையில் அரளி, எருக்கு, ஊமத்தை பக்கமே போகக் கூடாது. வயல் வரப்பில் தழை உரத்துக்கு வைக்கிறார்களே கிளைரிசிடியா, அந்த லத்தீன் பெயருக்கே எலிக்கொல்லி என்றுதான் அர்த்தம்! மத்திய அமெரிக்காவில் அதன் இலையைத் தானியத்தோடு புளிக்கவைத்து எலிக்கு வைப்பார்கள். புளிக்கும்போது அதிலுள்ள கூமரின், ரத்தத்தை உறையவிடாத சரக்காக மாறிவிடும். அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகளின் உயிரைக் குடித்ததும் அதே சரக்குதான். அந்த வழியில் வந்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகி, பின்னால் மனுஷனுக்கே மருந்தாகவும் ஆனது. கடையில் விற்கிற புரோமடியோலோன் எலி கேக்கும் அதே பரம்பரை.

இந்த ஞானம் பத்தே நாளில் தேவைப்பட்டது. திங்கட்கிழமை காலை கூண்டில் ஒரு எலிதான் இருந்தது. இன்னொன்று கீழே, அரங்குவீட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில்... ஆச்சி வைத்திருந்த எலி கேக் அருகே உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. கேக்கில் ஒரு மூலை காணோம்!

“நல்லாத்தான்லே இருக்கு, ஓடுது பாரு” என்றேன்.

“இப்ப ஓடும்லே. ரத்தம் கசிய நாலு நாளாகும். அதுக்கப்புறம் போனா பிரயோஜனம் இல்ல” என்றான் ரூம் மேட். குரல் நடுங்கியது. கடித்தது இதுவா, ஆச்சியின் பழைய குடித்தனக்காரனா? கேக்கில் கையெழுத்தா போட்டிருக்கும்!

‘உறவினருக்கு உடல்நிலை சரியில்லை’ என்று ஆபீஸில் பெர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி ராமையன்பட்டி. மாற்று மருந்து வைட்டமின் கே1. ஒரு நாள் கொடுத்தால் போதாது, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். ரூம் மேட் அலாரம் வைத்துக் கொடுத்தான். அவன் அம்மாவுக்கு பி.பி. மாத்திரையை ஞாபகப்படுத்த ஒருநாளும் போன் செய்தவனில்லை.

பிழைத்துக்கொண்டது.

இப்போது தினமும் காலையில் ஆச்சி ஒரு கரண்டி உப்பில்லாத பருப்போடு மாடிக்கு வருகிறார். “வெள்ளையா, வாய்யா... சாப்பிடுதியா?” ஊட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு கீழே போய், அரங்குவீட்டில் புது கேக் வைக்கிறார். தகர டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே.

“ஓட்டை சின்னதாத்தான் போட்டிருக்கேன் ஐயா. நம்ம பய உடம்புக்கு அதுல நுழைய முடியாது!”