எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்று போகும் பெண்ணுக்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில், ‘பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு, எடுத்துவிடலாம்’ என்பதுதான். உண்மையில் கர்ப்பப்பை செய்த தப்பு எதுவுமில்லை. பிரசவங்கள், தீராத மலச்சிக்கல், நாள்பட்ட இருமல், ஆண்டுக்கணக்கில் பாரம் தூக்குவது, மாதவிடாய் நின்றபின் திசுக்கள் மெலிவது எனப் பல காரணங்களால் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்துபோகின்றன. சிலருக்குச் சிறுநீர்ப்பையோ மலக்குடலோகூட இறங்கும். கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் படுத்திருப்பவரை எழுப்பிவிட்டு, கட்டில் சரியாகிவிட்டது என்போமா? தாங்கும் திசுக்களைச் சேர்த்துக் கட்டாமல் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால், பின்னாளில் பிறப்புறுப்பின் மேல்முனையே இறங்கக்கூடும்.

கத்திக்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன. தொந்தரவே இல்லாத லேசான இறக்கத்துக்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. தொந்தரவு உள்ள 447 பெண்களிடம் பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வெளியானது; தசைப் பயிற்சியை நேரில் கற்றவர்களுக்கு, ஆலோசனைத் துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களைவிட ஓராண்டில் தொந்தரவு குறைந்திருந்தது. அடுத்தது உள்ளங்கைக்குள் அடங்கும் சிலிக்கோன் வளையம். மடித்து உள்ளே வைத்தால் விரிந்து தாங்கிக்கொள்ளும். அளவு சரியா என்று இருமச் சொல்லி, நடக்கச் சொல்லி, சிறுநீர் கழித்துவரச் சொல்லிப் பார்ப்பார்கள். பழகிவிட்டால் பலர் தாமே கழற்றிக் கழுவி மாட்டிக்கொள்கிறார்கள்.

வளையம் அறுவைக்கு ஈடாகாது என்பார்கள். நியாயம்தான். 440 பெண்களை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டு முடிவில் குணம் தெரிந்ததாகச் சொன்னவர்கள் அறுவைப் பிரிவில் 81 சதவீதம், வளையப் பிரிவில் 76 சதவீதம். வளையத்தில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இடையில் அறுவைக்கு மாறியிருந்தார்கள். ஆனால் மற்றவர்கள் அந்த இரண்டாண்டும் மயக்க மருந்தோ தையலோ இல்லாமல் கழித்தவர்கள். ‘கிராமத்துப் பெண் மறுபடி வரமாட்டாள், வளையம் உள்ளேயே கிடந்து புண்ணாகும்’ என்ற அச்சத்திலும் உண்மை உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை கட்டாயம். அதற்காகத்தான் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே காப்பர்-டி பொருத்தும் கைக்கு இந்த வளையத்தையும் கற்றுக்கொடுக்கலாம்.

தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதலை மூன்று மாதத்தில் செயல்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அந்த வழிகாட்டுதல்படி அமையும் கண்காணிப்புக் குழுக்கள் அறுவைகளை எண்ணுவதோடு இன்னொன்றையும் கேட்கலாம்: இறக்கத்துக்காகக் கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு முன்னதாக அந்த வளையத்தை யாராவது எடுத்துக் காட்டினார்களா?