ஊருக்கெல்லாம் ஒரே பூட்டு

பழநி பஞ்சாமிர்தம் சாப்பிட்டிருப்பீர்கள். டப்பாவைத் திறந்து விரலால் வழித்து நக்கும்போது வாழைப்பழம் ஞாபகம் வரும், பேரீச்சை வரும், ஏலக்காய் வரும். அதில் கரைந்து கிடக்கிற நாட்டுச் சர்க்கரை யாருக்காவது ஞாபகம் வருகிறதா? ஈரோடு பக்கம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை மூட்டையாக ஏலம் போய், முருகனுக்கு வண்டி ஏறுகிற சரக்கு அது. அதற்குப் பின்னால் பவானி, கோபி, சத்தியமங்கலம் என்று வாய்க்கால் பாயும் இடமெல்லாம் கரும்பு.

எந்தக் கரும்பு என்று கேளுங்கள். பத்துக்கு எட்டுப் பேர் யோசிக்காமல் ஒரு நம்பர் சொல்வார்கள். 86032.

கோ 86032. 'கோ' என்றால் கோயமுத்தூர். நம்ம ஊர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் பிறந்து, 1986-ல் நம்பர் வாங்கி, 2000-ல் முறைப்படி வெளியான ரகம். தமிழ்நாட்டுக் கரும்புப் பரப்பில் மிகப் பெரும்பகுதி இன்றைக்கும் இதுதான். கரும்பை நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை, கரணை வெட்டி நடுகிறோம். அதாவது கோபியில் நிற்பதும், விழுப்புரத்தில் நிற்பதும், மகாராஷ்டிராவில் நிற்பதும் சொந்தக்காரச் செடிகள் அல்ல. எல்லாம் ஒரே செடி! ஒரு நாற்றின் துண்டுகள்தான் இத்தனை லட்சம் ஏக்கரில் நிற்கின்றன.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கரும்புக்குச் செவ்வழுகல் என்று ஒரு நோய் உண்டு. மேலிருந்து மூன்றாவது, நான்காவது தோகை மஞ்சளாகிக் காயும். கரும்பை நெடுக்காகப் பிளந்தால் உள்ளே ரத்தச் சிவப்பு, நடுநடுவே குறுக்கே வெள்ளைத் திட்டு, புளித்த கள் மாதிரி ஒரு வாடை. அதோடு முடிந்தது. சர்க்கரையும் இல்லை, எடையும் இல்லை. காரணம் ஒரு பூஞ்சை. அது கரணையில் ஒளிந்து வரும், பாசனத் தண்ணீரில் போகும், மழைச் சாரலில் தெறிக்கும், அறுத்த கட்டையில் காத்திருக்கும். வயலில் வந்த பிறகு மருந்தடித்துத் தீர்க்கிற வியாதி அல்ல.

இதற்குக் 'கரும்பின் புற்றுநோய்' என்று ஒரு பட்டப்பெயர். அந்தப் பெயர் மீதுதான் எனக்குக் கோபம். புற்றுநோய் என்று சொல்லிவிட்டால் விதி, தலையெழுத்து, யாரும் பொறுப்பில்லை. இது தலையெழுத்து இல்லை சார். நாமே பிள்ளையார் சுழி போட்டு எழுதிக்கொண்ட கணக்கு.

கதையைப் பாருங்கள். 1901-ல் கோதாவரி டெல்டாவில் இந்த நோயை இந்தியாவில் முதன்முதலாகப் பதிவு செய்தவர் சி.ஏ.பார்பர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். அன்றைக்கு அது சென்னை மாகாணம். அதே பார்பர்தான் 1912-ல் கோவையில் கரும்பு நிலையம் ஆரம்பித்தபோது அதன் முதல் தலைவர். சாப்பிடுகிற கரும்பை, கோவைப் பக்கம் தானாக முளைத்துக் கிடந்த காட்டு இனத்தோடு சேர்த்து, 1918-ல் கோ 205 வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பார்பருக்கு அப்புறம் டி.எஸ்.வெங்கட்ராமன். லூசியானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 'கோ' என்று ஆரம்பிக்கும் கரும்பை நட்டார்கள். விசா இல்லாமல் உலகம் சுற்றிய முதல் கோயமுத்தூர்க்காரன் அந்தக் கரும்புதான் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

ஆனால், பூஞ்சை சும்மா இருக்கவில்லை. வட இந்தியாவில் கோ 213 கொடிகட்டிப் பறந்தது. 1930-களின் கடைசியில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கிலும் செவ்வழுகல் அதைச் சூறையாடியது. நம் பக்கம் 1980-களில் கோ.சி 671 என்று ஒன்று, கடலூரில் பிறந்தது. சர்க்கரைக் கட்டுமானம் அதிகம், ஆலைகளுக்குச் செல்லப்பிள்ளை. அதுவும் கடலோரத்தில் செவ்வழுகலுக்குப் பலியானது. அந்தக் கோ.சி 671-ன் பிள்ளைதான் இன்றைய கோ 86032.

இப்போது பெரிய கதை. கோ 0238. கோவை நிறுவனத்தின் கர்னால் மையத்தில் விஞ்ஞானி பக்ஷி ராம் உருவாக்கி, 2009-ல் வெளியான ரகம். பின்னால் அவர் கோவைக்கு இயக்குநராக வந்தார், 2023-ல் பத்மஸ்ரீயும் வாங்கினார். தகுதியான விருதுதான். உ.பி-யின் சர்க்கரைக் கட்டுமானம் 9 சொச்சத்திலிருந்து 11 சதவிகிதத்தைத் தாண்டியது. விவசாயி கையில் காசு புரண்டது. விளைவு? பத்தே வருஷத்தில் அந்த மாநிலக் கரும்புப் பரப்பில் 80 சதவிகிதத்துக்கும் மேல் இந்த ஒரே ரகம்.

பூஞ்சை கோணத்திலிருந்து இதை யோசியுங்கள். அதற்கு மூளை கிடையாது, திட்டம் கிடையாது. கோடிக்கணக்கில் வித்துகள் போடும். ஒவ்வொரு முறை தன் டி.என்.ஏ-வை நகல் எடுக்கும்போதும் அங்கங்கே எழுத்துப்பிழை. பெரும்பாலான பிழை உதவாது. எப்போதோ ஒன்று, கோ 0238 போட்டு வைத்திருக்கும் பூட்டுக்குப் பொருந்துகிற சாவியாக அமைந்துவிடும். பக்கத்து வயலில் வேறு ரகம், அதற்கடுத்து இன்னொன்று என்று இருந்தால் அந்தச் சாவிக்காரன் ஒரு வீட்டைத் திறந்துவிட்டு அடுத்த வாசலில் முழிப்பான். ஊரெல்லாம் ஒரே பூட்டு என்றால்?

அதுதான் நடந்தது. பூஞ்சையின் வகைகளை நம் விஞ்ஞானிகள் நம்பர் போட்டு அடையாளம் காண்கிறார்கள். குறிப்பிட்ட சில கரும்பு ரகங்களில் அதைச் செலுத்திப் பார்த்து, எது விழுகிறது, எது நிற்கிறது என்று பிரிப்பார்கள். சி.எஃப்.06 என்பது கோ.சி 671-இலிருந்து எடுத்தது. உ.பி-யில் கோ 0238-ஐ வீழ்த்தியது சி.எஃப்.13 என்ற புது வகை. கவனித்தீர்களா? ஒவ்வொரு பிரபல ரகமும் தன் எமனைத் தானே வளர்த்துவிட்டுப் போகிறது. 'கோ 0238-ஐ விடுங்கள், வேறு ரகம் நடுங்கள்' என்று அந்த மாநில அரசே விவசாயிகளிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று.

1845-ல் அயர்லாந்தில் ஏழைகள் எல்லாரும் ஒரே உருளைக்கிழங்கு ரகத்தை நம்பியிருந்தபோது என்ன நடந்தது என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்தோம். பரீட்சைக்குப் படித்தோம், அவ்வளவுதான்.

'விஞ்ஞானிகள் கோட்டை விட்டார்கள்' என்று உடனே எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பல ரகம் கலந்து நடுங்கள் என்று அவர்கள்தான் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்காதது யார்? விலையைப் பாருங்கள். உ.பி-யில் 2023-24 பருவத்துக்கு முன்பட்ட ரகம் குவிண்டால் 370 ரூபாய், சாதா ரகம் 360. கோ 0238 முன்பட்ட ரகம். மத்திய அரசின் விலையோ சர்க்கரைக் கட்டுமானத்தை வைத்து: 2024-25-க்கு 10.25 சதவிகிதத்துக்கு 340 ரூபாய், அதற்கு மேல் போனால் கூடுதல். நோய் தாங்குவதற்கு எத்தனை ரூபாய்? பத்து வருஷம் கழித்தும் நிற்பதற்கு? அந்தக் காலமே கணக்குப் புத்தகத்தில் கிடையாது.

நான் பி.காம் படித்தவன். பூஞ்சை தெரியாது, ஆனால் ரிஸ்க் என்றால் தெரியும். ரிட்டயர்மென்ட் பணம் முழுக்க ஒரே கம்பெனி ஷேரில் போட்டேன் என்று ஒருவர் வந்தால், நீங்களும் நானும் தலையில் அடித்துக்கொள்வோம். ஈமு கோழியில் பணம் போட்டவர்களை 2012-ல் எப்படியெல்லாம் கிண்டல் செய்தோம்! ஈமு மோசடி. கோ 86032 மோசடி இல்லை, அருமையான சரக்கு. அதனால்தான் யாருக்கும் பயம் வரவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோ 775 என்ற பழைய ரகம் கோ 0238-க்கு அப்பன். கோ 86032-க்குத் தாய்வழியோ தந்தைவழியோ, ஒரு தாத்தா. ரெண்டும் ஒரே குடும்பம்!

உ.பி-யில் வந்தது இங்கே நாளையே வரும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. அங்கே மண் வேறு, பருவம் வேறு, பூஞ்சை வகையும் வேறு. ஆனால் இருபது வருஷத்துக்கு மேலாக ஒரே பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, திருடனுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மாற்று இல்லாமல் இல்லை. கோ 11015 மாதிரி புது ரகங்கள் வந்திருக்கின்றன. கண்ணூரில் கோவை நிறுவனத்தின் கிளையில், உலகின் மிகப் பெரிய கரும்புச் சேகரிப்புகளில் ஒன்று வருஷா வருஷம் நட்டுக் காப்பாற்றப்படுகிறது. மக்கள் வரிப்பணம். அத்தனை பூட்டு கடையில் இருக்கிறது, வாங்கத்தான் ஆளில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஓர் ஆலையின் எல்லைக்குள் எந்த ரகமும் பாதிப் பரப்பைத் தாண்டக் கூடாது என்று அரசு விதி போடட்டும். புது ரகம் நடுகிறவனுக்குக் கட்டுமானம் அரை சதவிகிதம் குறைந்தால், அந்த வித்தியாசத்தை ஆலையும் அரசும் பகிர்ந்து கொடுக்கட்டும். இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று நினைத்துக்கொள்ளுங்களேன். ஆலை முதலாளிகள் தங்கள் பாய்லருக்கும் குடோனுக்கும் கட்டாமலா இருக்கிறார்கள்?

போன தையில் கோபி பக்கம் ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் ஆவேசமாகச் சொன்னேன். வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது வாஸ்தவந்தானுங்க தம்பி. நானும் ரெண்டு வருசம் மின்ன ஒரு ஏக்கரா வேற ரகம் நட்டுப் பாத்தனுங்க. கரும்பு நல்லாத்தான் வந்துது."

"அப்புறம் என்னங்கய்யா ஆச்சு?"

"86032-க்கெல்லாம் வெட்டு உத்தரவு வந்து, வெட்டி, மறுதாம்பும் மொளச்சிருச்சுங்க. எனக்கு மட்டும் உத்தரவு வரல. ஆலையில போய்க் கேட்டா, 'கடைசில பாக்கலாங்க'ன்னுட்டாங்க. பங்குனி வெயில்ல நின்னு எடை போயிருச்சுங்க."

"இந்த வருஷம் என்ன ரகம் போட்டிருக்கீங்க?"

சிரித்தார். பின்னால் நின்ற கரும்பைக் கையால் காட்டினார்.