பட்டறைப் பக்கம்: வண்டியை உயர்த்தியவர்கள் மறந்துவிடும் ரப்பர்க் கட்டை



செம்பனைக் காட்டுச் செம்மண் பாதையில் ஃபோர்வீல் ஓட்டும் தம்பிமார்கள் நம் குடும்பங்களில் நிறையப் பேர் உண்டு. பழைய ஹைலக்ஸ் ஒன்றை வாங்குவார்கள். மழைக்காலச் சேற்றைத் தாண்ட வேண்டுமே என்று அதை 2 அங்குலம் உயர்த்திக் கட்டுவார்கள். பெரிய டயர், நீளமான அப்சார்பர், ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை என்று எல்லாம் வந்துவிடும். இரண்டு மாதச் சம்பளம் அதிலேயே கரைந்திருக்கும். ஆனால் சாசிக்கு அடியில் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்பு ரப்பர்க் கட்டை தொங்குகிறதே, அதைத் திரும்பிப் பார்ப்பவர் குறைவு. ‘பம்ப் ஸ்டாப்’ என்பது அதன் பெயர்.

அதன் வேலை என்ன? வண்டி பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் அமுங்கி, ஆக்சில் மேலே வரும். ஸ்பிரிங்கால் தாங்க முடியாத அடி வந்தால் இரும்பும் இரும்பும் மோதிக்கொள்ளும். அப்படி மோதாமல் நடுவில் நின்று அடி வாங்குவது இந்தக் கட்டைதான். அதைக் கூம்பு போலச் செய்திருப்பதற்கும் காரணம் உண்டு. மெல்லிய முனை முதலில் இலகுவாக அமுங்கும். அடிப்பாகம் போகப்போக இறுகிக்கொண்டு தாங்கும். அதனால்தான் அடி ‘டம்’ என்று முதுகில் இறங்காமல் ‘தொப்’ என்று முடிகிறது.

வண்டியை உயர்த்தியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கட்டைக்கும் ஆக்சிலுக்கும் இடையே முன்பு 4 அங்குல இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். இப்போது அது 6 அங்குலம். புதிய அப்சார்பரோ பழையதைவிட நீளம். நீட்டினால் அதிகம் நீளும் என்று மகிழ்கிறோம். முழுவதும் அமுங்கிய நிலையிலும் அது பழையதைவிட நீளமாகத்தான் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். ஆகவே பெரிய பள்ளத்தில் கட்டை அடி வாங்குவதற்கு முன்பே அப்சார்பர் தன் எல்லையை முட்டிவிடுகிறது. அடி தாங்குவது அதன் வேலை அல்லவே! சீல் போய் எண்ணெய் ஒழுகும், தண்டு வளையும். மிஞ்சிப்போனால் சாசியில் பற்றவைத்திருக்கும் பிடிப்பே பிய்ந்து வரும். பின்னால் ஆட்களோடு இறக்கத்தில் வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. புதிய அப்சார்பரை மாட்டுவதற்கு முன் முழுவதும் அமுக்கி, ஒரு கண்ணிலிருந்து மறு கண்வரை அளந்துகொள்ளுங்கள். 13½ அங்குலம் என்று வைப்போம். மாட்டியபின் வண்டியைச் சமதரையில் நிறுத்தி மறுபடி அளந்தால் 20 அங்குலம். அப்படியானால் அப்சார்பருக்கு மேலே போக மீதி இருப்பது 6½ அங்குலம். கட்டை 6 அங்குலத்திலேயே தொட்டுவிடுகிறது, போதும்தானே என்று தோன்றும். போதாது. 3 அங்குலக் கட்டை பலத்த அடியில் பாதிவரை நசுங்கக் கூடியது. அந்த 1½ அங்குலத்தையும் சேர்த்தால் 7½ ஆகிவிட்டது. அப்சார்பர் ஓர் அங்குலத்துக்கு முன்பே முட்டியிருக்கும். அரை அங்குலம் காப்பும் வைத்தால், கட்டையை 1½ அங்குலம் கீழே இறக்க வேண்டும்.

“மேலே போகிற வழியை அடைத்துவிட்டால் வண்டி தூக்கித் தூக்கிப் போடாதா?” என்று தம்பி கேட்பார். அடைக்கவில்லையே! முன்பு 4 அங்குலம் இருந்த இடத்தில் இப்போது 4½ இருக்கிறது.

இன்னொரு சோதனையும் தேவை. பின்சக்கரம் ஒன்றை மட்டும் மேட்டில் ஏற்றிப் பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும்போது தொடாத டயர், ஒன்று மட்டும் ஏறும்போது மட்கார்டை உரசும். பெரிய டயர் போட்டவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உரசினால் கட்டை இன்னும் கொஞ்சம் கீழே வர வேண்டும்.

கீழே இறக்க இரண்டு வழி. உயரமான கட்டையாக வாங்கலாம். அல்லது பழைய அளவுக் கட்டைக்கும் சாசிக்கும் இடையே இரும்பிலோ அலுமினியத்திலோ கடைந்த துண்டு வைக்கலாம். பலகைத் துண்டு வேண்டாம். வாஷர்களை அடுக்கி வைப்பதும் கூடாது. துண்டு வைத்தால் போல்ட்டும் அதே அளவு நீளமாக, நல்ல கெட்டி ரகமாக வேண்டும். கடைகளில் பாலியூரித்தேன் கட்டையும் கிடைக்கிறது. அதில் நுரை போன்ற ரகம் நன்றாக அமுங்கும், கெட்டி ரகம் அவ்வளவாக அமுங்காது. விறைப்பாக ஓட்டப் பிடித்தவர்கள் கெட்டியை வாங்கட்டும். தோட்டப் பாதைக்கு என் ஓட்டு ரப்பருக்குத்தான். அது நம் தாத்தா பாட்டி விடியலில் சீவிய கித்தாப் பால் என்பதற்காகச் சொல்லவில்லை. ஓயாமல் அமுங்கி மீள்வதில் இயற்கை ரப்பர் கெட்டிக்காரன். அதற்கு ஆகாதது எண்ணெய். டீசலால் அடிப்பாகத்தைக் கழுவும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ரப்பர் ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும்.

பழையதை மாற்ற வேண்டுமா என்று அறிய, ஆக்சிலில் கட்டை தொடும் இடத்தைப் பாருங்கள். துரு போய் இரும்பு பளபளத்தால் அங்கே இரும்பு இரும்பைத் தொடுகிறது. கட்டையில் நகம் நுழையும் அளவு வெடிப்பு இருந்தாலும், அடித்தகட்டிலிருந்து ரப்பர் பிரிந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

வேலை கடினமல்ல. ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள். செங்கல், மரக்கட்டை முட்டுக் கொடுப்பதும் ஆபத்து. சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு அடை கொடுத்து, சாசியை இரும்பு ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஆக்சிலை மெதுவாக இறக்கினால் கை போக இடம் கிடைக்கும். அப்போது பிரேக் குழாய் விறைக்கிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள். விறைத்தால் அதையும் நீளமானதாக மாற்ற வேண்டும். துருப்பிடித்த போல்ட்டுக்கு முதல் நாள் மாலையே துரு எண்ணெய் விட்டால் மறுநாள் உடையாமல் வரும். மிச்ச எண்ணெயைத் துடைத்துவிட்டுப் புதுக் கட்டையை மாட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரமாக இருக்கட்டும்.

முன்பக்கம் வேறு கதை. முறுக்குக் கம்பி உள்ள பழைய வண்டிகளில் அதைத் திருகி உயர்த்தும்போது, மேல் கை கீழிறங்கி அங்குள்ள தடுப்பு ரப்பரில் போய் உட்கார்ந்துவிடும். அதனால்தான் சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் ‘தட் தட்’ என்கிறது. மெல்லிய ரப்பர் போட்டால் கொஞ்சம் விடிவு கிடைக்கும். ஆனால் சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் மூட்டு அதிகச் சாய்வில் சுழன்று சீக்கிரம் தேயும். அங்கே உயரத்தைக் குறைப்பதே நல்லது.

குலை ஏற்றியவுடனே பின்கட்டை ஆக்சிலில் உட்கார்ந்துவிட்டால் கட்டையைக் குறை சொல்லாதீர்கள். ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அல்லது பாரம் அதிகம். உயர்த்துவதற்கு முன் ஜேபிஜே ஒப்புதலையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்புதல் இல்லாத மாற்றத்தால் விபத்தின்போது காப்புறுதியிலும் சிக்கல் வரலாம்.

மாட்டி ஒரு வாரம் ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அப்போது கட்டையின் முனையைத் தடவிப் பாருங்கள். சேறு விலகி, ஆக்சில் தொட்ட தடம் இரு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வேண்டும்.