சீசன் டிக்கெட் மறுவிற்பனை நியாயமா? மைசூரு தசரா காட்டும் கணக்கு

மைசூரு: பல நிகழ்ச்சிகளுக்குச் சேர்த்து வாங்கிய இருக்கையை, செல்ல இயலாத நாளில் பிறருக்கு விற்பது நியாயமா? கிரிக்கெட், கால்பந்து ரசிகர்களிடையே நெடுங்காலமாக எழுந்துவரும் இக்கேள்வி, மைசூரு தசரா விழாவுக்கும் பொருந்துகிறது.

2024-ஆம் ஆண்டு தசராவில் ஜம்பு சவாரி, தீப்பந்த அணிவகுப்பு ஆகிய இரண்டையும் காண உதவும் ‘கோல்டு கார்டு’ 6,500 ரூபாய்க்கு விற்கப்பட்டது. அரண்மனை வளாகத்தில் ஜம்பு சவாரியை மட்டும் காண்பதற்கான சீட்டு 3,500 ரூபாய். பன்னிமண்டப மைதானத்தில் நடைபெறும் தீப்பந்த அணிவகுப்புக்கான சீட்டு 1,000 ரூபாய். இரண்டும் அக்டோபர் 12-ஆம் தேதி நடைபெற்றன. இத்தகைய அட்டை வாங்கியவர் பிற்பகல் ஊர்வலம் முடிந்ததும் ஊர் திரும்ப நேர்ந்தால், இரவு நிகழ்ச்சியில் ஓர் இருக்கை வெறுமையாகக் கிடக்கும். சீட்டுக் கிடைக்காதவர் வெளியே நிற்பார்.

எனவே இருக்கையைக் கைமாற்றுவதே தவறு என்று கூற இயலாது. சிக்கல் விலையில்தான் உள்ளது. முழுத் தொகையையும் முன்கூட்டியே செலுத்தி, வரவேற்பில்லாத ஆட்டங்களின் இழப்பையும் ஏற்பதால், பெரிய ஆட்டத்தில் அதை ஈடுகட்டுவது தங்கள் உரிமை என்பது சீசன் டிக்கெட் வைத்திருப்போரின் வாதம். ஆனால், அவர்களுக்குக் கிடைத்த முன்னுரிமை, நிகழ்ச்சியைக் காண்பதற்காக அளிக்கப்பட்டது. அதை லாபத்துக்கு விற்கும்போது, கூடுதல் சுமை மற்றொரு ரசிகரின் மீதே விழுகிறது. தசரா அரசு விழா என்பதால், பொதுப்பணத்தில் அமைந்த இருக்கையில் தனிநபர் லாபம் ஈட்டுவது மேலும் கேள்விக்குரியது.

இந்தியாவில் நிகழ்ச்சிச் சீட்டுகளின் மறுவிற்பனைக்கென நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் இல்லை. இணையவழிச் சீட்டு விற்பனை முறைகேடுகள் தொடர்பான பொதுநல மனுவை 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்த பம்பாய் உயர் நீதிமன்றம், விதிகளை வகுப்பது சட்டமன்றம், நிர்வாகம் ஆகியவற்றின் பொறுப்பு எனக் கருதியது.

இங்கிலாந்தில் கால்பந்துச் சீட்டுகளை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதேவேளையில், செல்ல இயலாதவர் தமது இருக்கையைக் கழகத்திடமே ஒப்படைக்கப் பல பிரீமியர் லீக் கழகங்கள் வழிசெய்துள்ளன. சொந்த மைதானத்தில் 19 லீக் ஆட்டங்கள் என்பதால், சீசன் கட்டணத்தில் 19-இல் ஒரு பங்கைத் திருப்பி வரவு வைப்பது அங்குப் பரவலாக உள்ள கணக்கு.

இதில் பாதுகாப்பும் அடங்கியுள்ளது. 2025 ஜூன் 4-ஆம் தேதி பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே ஏற்பட்ட நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். அது மறுவிற்பனையால் நேர்ந்ததன்று. எனினும், யாருக்கு அனுமதி உண்டு என்பதில் தெளிவு எவ்வளவு அவசியம் என்பதை அது உணர்த்தியது. அதன்பின் ஆகஸ்டில் மைசூரு உடையார் மைதானத்தில் மகாராஜா கோப்பைப் போட்டிகள் பார்வையாளர் இன்றியே நடைபெற்றன.

இருக்கையைத் திரும்பப் பெற்று, அச்சிட்ட விலைக்கே அடுத்தவருக்கு அமைப்பாளரே விற்கும் முறை வந்தால், பெயர்ப் பதிவும் சரியாக இருக்கும். வாங்கியவருக்கும் நட்டம் குறையும். 2024-ஆம் ஆண்டு விலைப்படி, கோல்டு கார்டு வைத்திருப்பவர் தீப்பந்த அணிவகுப்பு இருக்கைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பெற இயலாது. அத்தகைய வசதி இல்லாதவரை, தடை மட்டும் விதிப்பது காலி இருக்கையையும் கள்ளச்சந்தையையுமே வளர்க்கும்.