முள்ளையும் அளந்து சொல்லுங்கள்

சர்வதேச அணுசக்தி முகமையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணு உலையின் சுத்திகரித்த நீரை 2023 ஆகஸ்ட் 24 முதல் கடலில் விடுகிறார்கள். உங்கள் முகமை உடனிருந்து கண்காணிக்கிறது. அந்தப் பொறுப்பை நம்பியே எழுதுகிறேன்.

மீனில் வழக்கமாக அளப்பது கதிரியக்கச் சீசியம். அரைத்த சதையை ஜெர்மானியம் உணர்கருவியில் வைத்தால் அதன் காமா கதிர் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானின் வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்க அலகு). ஃபுகுஷிமா மீனவர் கூட்டுறவோ 50ஐத் தாண்டினாலே விற்பனையை நிறுத்துகிறது. விபத்தால் பிழைப்பை இழந்து நின்றவர்கள் தாங்களாகவே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது. எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும். இன்று அங்கே சந்தைக்கு வரும் மீன் பெரும்பாலும் வரம்புக்கு வெகு கீழேதான். பீதி கிளப்புவோர் இதைச் சொல்வதில்லை.

இன்னொரு கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 அப்படிச் சுலபமாகப் பிடிபடாது. கால்சியத்தைப் போல எலும்பில் போய்த் தங்கும், பாதியாகக் குறையவே ஏறத்தாழ 29 ஆண்டுகள். காமா கதிரும் கிடையாது. மீனைச் சாம்பலாக்கி, வேதிமுறையில் பிரித்து, அதிலிருந்து இட்ரியம்-90 உருவாகும்வரை காத்திருந்து அளக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும் வேலை. அதனால் சில மாதிரிகளோடு நின்றுவிடுகிறது. 100 பெக்கரல் வரம்பிலேயே ஸ்ட்ரான்சியத்தின் பங்கையும் சேர்த்துவிட்டோம் என்கிறார்கள் ஜப்பான் அதிகாரிகள். சேர்த்தது உண்மை. ஆனால் கடல் உணவுக்கு அந்தப் பங்கு அனுமானமாக வைத்ததே தவிர, ஒவ்வொரு மீனிலும் அளந்ததல்ல. உலையில் தேங்கிய நீரிலிருந்து முதலில் சீசியத்தைத்தான் வடித்தார்கள். 2013இல் ஒரு தொட்டியிலிருந்து சுமார் 300 டன் நீர் கசிந்தபோது அதில் மிகுந்திருந்தது ஸ்ட்ரான்சியம் போன்ற பீட்டா கதிர் வகைகளே.

ஸ்ட்ரான்சியம் எலும்பில் தங்குவதால், சதையை மட்டும் தின்பவருக்கு இது பெரிய கவலையல்ல. ஆனால் அந்தக் கரையில் விரும்பி உண்ணும் ஷிராசு, முள்ளோடு விழுங்கும் பொடிமீன். குழந்தைகளும் உண்கிறார்கள். 2023 மே மாதம் உலைத் துறைமுகத்துக்குள் பிடித்த குரோசோய் மீன் ஒன்றில் கிலோவுக்கு 18,000 பெக்கரல் சீசியம் இருந்தது. அது விற்பனைக்கு வந்ததல்ல. ஆனாலும் துறைமுகத்தின் அடிமண் இன்னும் தூய்மையாகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே, ஷிராசுவையும் துறைமுகத்தின் அடிமீன்களையும் முள்ளோடு சேர்த்து, ஸ்ட்ரான்சியத்துக்காகக் குறித்த இடைவெளியில் சோதிக்கச் செய்யுங்கள். ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதும் இடத்தில், எந்த அளவுக்குக் கீழே கருவியால் காண முடியாது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். இதற்கான கடல் ஆய்வுக்கூடம் மொனாகோவில் உங்களிடமே இருக்கிறது.