கல் பேசியது, கேட்டவர் ஒருவரே

ஒரு மக்களின் ஏடுகளைத் தீயிலிட்டுவிட்டு, அம்மக்களுக்கு வரலாறே இல்லை என்று எழுதுவதும் அறிவுலகில் நடந்தேறியிருக்கிறது. 1562-இல் யுகாத்தானின் மானி நகரில் தியேகோ டி லாண்டா என்னும் பாதிரியார் மாயா மக்களின் நூல்களைக் கொளுத்தினார். கற்கள் எஞ்சின. அவற்றிலும் நாட்கணக்கும் கோள்கணக்குமே உண்டு, மன்னர் கதை எதுவும் இல்லை என்று பின்வந்த அறிஞர் பலர் சாதித்தனர். எரிக் தாம்சன் அவர்களுள் முதன்மையானவர். படிக்கவே தெரியாத எழுத்தில் இன்னது இல்லை என்று எவ்வாறு துணிந்தனர் என்றே நாம் கேட்கிறோம்.

அத்துணிவைத் தகர்த்தவர் தத்தியானா புரோஸ்கூரியாகோஃப். 1909-இல் ரஷ்யாவின் தோம்ஸ்க் நகரில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அம்மையார், கட்டடக்கலை பயின்றவர். படம் வரையும் பணிக்காகவே 1936-இல் குவாத்தமாலாவின் பியத்ராஸ் நெக்ராஸ் இடிபாடுகளுக்குச் சென்றார். அவர் எழுத்தை ஒலித்துப் படிக்கவில்லை. தூண்களிலிருந்த தேதிகளை வரிசைப்படுத்தினார், அவ்வளவே! தூண்கள் தொகுதி தொகுதியாகப் பிரிந்தன. ஒவ்வொரு தொகுதியின் காலமும் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கிற்று. மாடத்தில் அமர்ந்திருப்பது தெய்வமன்று, அரியணை ஏறிய அரசன் என 1960-இல் நிறுவினார். தாம்சனும் ஏற்றுக்கொண்டார், அது அவருக்குப் பெருமையே.

நீண்ட அங்கியணிந்த உருவங்களை ஆண் பூசாரிகள் என்றே பலர் கருதியிருந்தனர். அவர்கள் பெண்கள் என்பதையும் இவரே காட்டினார். இத்தகையவரை 'ஓவியம் வரைந்தவர்' என்ற அடைமொழிக்குள் அடக்குவோரோடு நமக்கு வழக்குண்டு. 1985-இல் மறைந்த அம்மையாரின் சாம்பல், 1998-இல் அந்த இடிபாடுகளிலேயே புதைக்கப்பட்டது.