முதல்ல கேளு... அப்புறம் பேசு!

இன்டர்னல் டெஸ்ட் எல்லாம் முடிஞ்சு நிம்மதியா இருக்கீங்களா? போன மாசம் ஒரு ராத்திரி 10 மணிக்கு நான் அப்படி இல்லை. எங்க சித்தப்பாவோட கால் டாக்ஸி டேஷ்போர்டு, கார்த்திகை தீபம் மாதிரி ஜொலிச்சுக்கிட்டு இருந்துச்சு. விளக்கு ஏத்தினது சாட்சாத் அடியேன்தான்! விடிஞ்சா 4 மணிக்கு அவருக்கு ஏர்போர்ட் சவாரி. அந்தக் கார் ஓடினாதான் அவர் வீட்டுல அடுப்பு எரியும். இந்த வாரம் அந்தக் கதைதான். நீங்களும் ஒருநாள் கையில ஒயரோட உங்க அப்பா காருக்குள்ள குனிவீங்க... அப்போ உதவும்!

மேட்டர் இதுதான். சித்தப்பா கார்ல இன்ஜின் சூட்டைக் காட்ட முள் கிடையாது. ஒரே ஒரு சிவப்பு விளக்கு. அது எரியறதுக்குள்ள இன்ஜின் கொதிச்சுடும். 'எத்தனை டிகிரின்னு காட்டற மாதிரி ஏதாச்சும் செஞ்சு குடேன்டா... எலெக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறே?'ன்னு கேட்டார். விடுவோமா?

இதுக்குப் புதுசா சென்சார் எதுவும் மாட்ட வேண்டாம் பாஸ். சூடு எவ்வளவுன்னு இன்ஜின் கம்ப்யூட்டருக்கு ஏற்கெனவே தெரியும். கேட்டு வாங்கினா போதும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் ஒண்ணு இருக்கும். மெக்கானிக் ஸ்கேனர் சொருகுவாரே... அதேதான். பேரு ஓ.பி.டி. 2. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களில் இருந்தே கட்டாயம். நம்ம நாட்டில் 2013 ஏப்ரலில் வந்தது. இதில் 6-வது பின்னும் 14-வது பின்னும்தான் நம்ம ஹீரோ, ஹீரோயின். கேன் ஹை, கேன் லோ! தண்ணி கேன் இல்லீங்கோ... 'கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க்'கோட சுருக்கம்.

ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1983-ல் இந்த வேலையை ஆரம்பிச்சு, 1986-ல் டெட்ராய்ட் மாநாட்டில் உலகத்துக்குக் காட்டியது. காருக்குள்ள எலெக்ட்ரானிக் பெட்டிகள் பெருகப் பெருக, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா இழுத்தா ஒயர் மூட்டையாயிடும். அதுக்குப் பதிலா முறுக்கின ரெண்டே ரெண்டு ஒயர். இன்ஜின், பிரேக், மீட்டர் எல்லாம் அதிலேயே பேசிக்கணும். சும்மா இருக்கும்போது ரெண்டு ஒயரிலும் 2.5 வோல்ட். பூஜ்யம்னு சொல்லணும்னா ஒண்ணு 3.5-க்கு ஏறும், இன்னொண்ணு 1.5-க்கு இறங்கும். கேட்கிறவங்க ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்ப்பாங்க. அதனால இன்ஜின் பக்கத்து இரைச்சல் ரெண்டு ஒயர்லயும் ஒரே மாதிரி ஏறினாலும் செய்தி கெடாது. ரெண்டு பெட்டி ஒரே நேரத்துல வாயைத் திறந்தா, எந்தச் செய்தியோட நம்பர் சின்னதோ அதுக்குத்தான் வழி. பெரிய நம்பர் தானா அடங்கிடும். செம டிசிப்ளின் இல்ல?

ஆனா ஒரு வீக்னெஸ் இருக்கு. அட்டெண்டென்ஸ் எடுக்கும்போது தலையே நிமிராத ப்ரொஃபசரை நினைச்சுக்கோங்க. 'ப்ரெசென்ட் சார்'னு குரல் வந்தா டிக் அடிச்சுடுவார். யார் குரல்னு பார்க்க மாட்டார். ப்ராக்ஸிக்கு அதுதானே வசதி! கேன் நெட்வொர்க்கும் அப்படித்தான். செய்திக்கு நம்பர் உண்டு. அனுப்பினது யாருன்னு சரிபார்க்கிற வழி அதில் கிடையாது. 2010-ல் வாஷிங்டன், கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இந்த ஒயர்ல செய்தி அனுப்பியே பிரேக்கை வேலை செய்யாம ஆக்கிக் காட்டினாங்க. 2015-ல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக்னு ரெண்டு பேர், ஓடிக்கிட்டிருந்த ஜீப்பை செல்போன் நெட்வொர்க் வழியா தூரத்தில் இருந்தே மடக்கினாங்க. அதுக்கப்புறம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாச்சு.

இதெல்லாம் படிச்சிட்டுத்தான் போனேன். இருந்தாலும் சொதப்பினேன். எப்படி?

என்கிட்ட இருந்தது ஒரு அர்டுயினோ ஊனோ, ஒரு எம்.சி.பி. 2515 மாட்யூல். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற குட்டி நீல போர்டு. அதுல இருந்த கிரிஸ்டல் 8 மெகாஹெர்ட்ஸ். நான் நெட்ல எடுத்த ப்ரோகிராம், 16 மெகாஹெர்ட்ஸ்னு நினைச்சு எழுதினது. விளைவு? கார் நொடிக்கு 5 லட்சம் பிட் வேகத்துல பேசுது. என் போர்டு பாதி வேகத்துல காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. காதுல விழுந்தது எல்லாமே அதுக்குத் தப்பாத்தான் தெரிஞ்சுது.

இங்கேதான் ட்விஸ்ட். கேன் நெட்வொர்க்ல யாராவது ஒரு செய்தியில் தப்பைக் கண்டா, சும்மா இருக்கக் கூடாது. 'தப்பு, தப்பு'ன்னு குறுக்கே கத்தி அந்தச் செய்தியையே கெடுத்துடணும். அனுப்பினவர் மறுபடி அனுப்புவார். நல்ல பழக்கம்தான். ஆனா என் போர்டு, ஒழுங்கா போய்க்கிட்டிருந்த செய்திகளைப் பார்த்துக் கத்த ஆரம்பிச்சுது. ரொம்பக் கத்துற பெட்டி கொஞ்ச நேரத்துல தானா வாயை மூடிக்கணும்னும் ஒரு விதி இருக்கு. நான்தான் மகா புத்திசாலியாச்சே... எர்ரர் வந்தா முதலில் இருந்து ஆரம்பின்னு லூப் போட்டு வச்சிருந்தேன். வாயை மூடப் போனவனை உசுப்பி உசுப்பிக் கத்த விட்ட கதை! மீட்டருக்கு இன்ஜின்கிட்ட இருந்து சேதி வரலை. பிரேக் பெட்டிக்கும் வரலை. விளக்கு எல்லாம் வரிசையா எரிஞ்சுது.

நல்லவேளை, கார் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்துச்சு. சாவி மட்டும்தான் ஆன். இதே கூத்து ஓடற வண்டியில நடந்திருந்தா? நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

ஒயரைப் பிடுங்கிட்டு சாவியை அணைச்சுப் போட்டா, எல்லா விளக்கும் போச்சு... ஒண்ணைத் தவிர. சித்தப்பா திட்டவே இல்லை. திண்ணையில உட்கார்ந்து போனையே பார்த்துக்கிட்டு இருந்தார். திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. ஹாஸ்டல் நண்பனைத் தூக்கத்துல எழுப்பி, அவனோட புளூடூத் ஸ்கேனரை வாங்கி மாட்டினேன். 'யு'-வில் ஆரம்பிக்கிற ஒரு எர்ரர் கோடு பதிவாகியிருந்தது. அந்த வரிசை எல்லாமே நெட்வொர்க் தொடர்பு அறுந்த சங்கதிதான். அழிச்சுட்டு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து, தெருவை நாலு சுத்து சுத்தி, விளக்கு வரலைன்னு உறுதி ஆனப்போ மணி 12:30. 'கார் நல்லாத்தான்டா இருக்கு. எனக்குத்தான் தூக்கம் போச்சு'ன்னார் சித்தப்பா. சவாரிக்கு சரியா கிளம்பிட்டார்.

ரெண்டு வாரம் அந்தக் கார் பக்கமே போகலை. அப்புறம் அவரே ஒரு ஞாயித்துக்கிழமை சாவியை நீட்டினார். 'இன்னிக்கு சவாரி இல்லை. பொறுமையா பண்ணு.' இந்தத் தடவை செஞ்சதை அப்படியே சொல்றேன். குறிச்சு வச்சுக்கோங்க.

முதல்ல காரைத் தொடவே இல்லை. ரெண்டு மாட்யூலை மேஜையில வச்சு ஒண்ணோட ஒண்ணு பேச வச்சேன். கிரிஸ்டல் மேல அச்சடிச்ச நம்பரைப் பார்த்து ப்ரோகிராமைத் திருத்தினேன். அடுத்து, சாக்கெட்ல 6, 14 ரெண்டு ஓட்டையிலும் உலோகம் இருக்கான்னு பார்த்தேன். சில பழைய கார்ல இருக்காது. அது வேற பாஷை பேசற வண்டி. சாவியை அணைச்சுட்டு ரெண்டுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சா சுமார் 60 ஓம் காட்டுச்சு. ஒயரோட ரெண்டு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கறதோட அடையாளம் அது. மாட்யூல்லயும் ஒரு 120 ஓம் இருக்கும். மூணாவது ஆள் வேண்டாம். அந்த ஜம்பரைக் கழட்டிடுங்க.

பவர்? 16-வது பின்னில் பேட்டரி கரன்ட் எப்பவும் இருக்கும். ஆசைப்பட்டு அர்டுயினோவுக்கு நேரா கொடுத்துடாதீங்க. இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் தாண்டும், அப்பப்போ துள்ளவும் செய்யும். சோதனைக்கு லேப்டாப் யு.எஸ்.பி. போதும்.

எல்லாத்தையும் விட முக்கியம், 'லிஸன் ஒன்லி' மோட். இதே சிப்புக்குள்ள இருக்கு. இதுல போட்டா போர்டு கேட்கும், ஆனா வாயே திறக்காது. தப்புன்னு கத்தாது, 'உம்' கூடக் கொட்டாது. முதல் ஒரு மணி நேரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஸ்க்ரீன்ல நம்பர்களா ஓடுச்சு. அழகா, ஒரு எர்ரர் இல்லாம!

அதுக்கப்புறம்தான் பேசினேன். அதுவும் ஒரே ஒரு கேள்வி, ஓ.பி.டி. அனுமதிக்கிற கேள்வி. 7டி.எஃப். என்ற நம்பர்ல 01, 05-ன்னு அனுப்பினா 'இன்ஜின் கூலன்ட் எவ்வளவு சூடு?'ன்னு அர்த்தம். பதில் 7இ8-ல் வந்தது. கடைசி எண் 128. அதுல 40-ஐக் கழிக்கணும். 88 டிகிரி! பூஜ்யத்துக்குக் கீழே போற குளிர் நாட்டையும் ஒரே பைட்ல அடக்கத்தான் அந்த 40.

'88-ஆ? நல்ல சூடா, கெட்ட சூடா?'ன்னு கேட்டார் சித்தப்பா. 'நல்ல சூடு சித்தப்பா'ன்னேன். கிளட்ச், பிரேக்ல கால் தட்டாத இடமாப் பார்த்து அந்தக் குட்டி டிஸ்ப்ளேயை ஒட்டிக் கொடுத்தேன். இப்போ சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் அதைத்தான் பார்க்கிறாராம்.

வாசல்ல நிக்கிற வண்டியில மட்டும் செய்யுங்க. வண்டிக்காரரைக் கேட்டுட்டுச் செய்யுங்க. அர்த்தம் தெரியாத செய்தியைத் திருப்பி அனுப்பி விளையாடாதீங்க. ஏன்னா அந்த ரெண்டு ஒயர் உங்களை யாருன்னு கேட்காது... நம்பிடும். நம்புறவங்க விஷயத்துலதானே நாம ஜாக்கிரதையா இருக்கணும்?

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே. அதுவரைக்கும் கிரிஸ்டல் மேல என்ன எழுதியிருக்குன்னு படிங்க!